நடுவில் ஆறு சொற்கள்

என் மனைவி தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவள். ஐந்து வருடம், மாலை ஆறரை மணிச் செய்தி. காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர் எடை போடுவதை நிறுத்திவிட்டு, "நீங்க அவங்கதானே?" என்பார். "ஆமா. தக்காளி அரைக் கிலோ" என்பாள் அவள், செய்திக் குரலிலேயே.

போன வருடம் அவள் மூளையில் ஒரு இரத்தக்குழாய் வெடித்தது. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நாற்பது நிமிடம். முப்பதாவது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு இருபத்தொன்பது வயது. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம்.

அன்றைய செய்தியில் அவள் படத்தைக் காட்டி அஞ்சலி செலுத்தினார்கள். பதினோரு வினாடி. என் மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். பிறகு வானிலை வந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த பெரிய பலகையில் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். மூன்றாவது வாரம் அதன்மேல் சோப்பு விளம்பரம் ஒட்டினார்கள். ஒட்டியவர் அவசரக்காரர் போலிருக்கிறது. கொஞ்ச நாள் அவளுடைய இடது தோள் மட்டும் வெளியே தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

மாமா தொலைக்காட்சி நிலையத்துக்குப் போய் அவள் வாசித்த பதிவுகளைக் கேட்டார். தொண்ணூறு நாளைக்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லை, இடம் பத்தாது என்று வரவேற்பறையிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அஞ்சு வருஷம் மாப்பிள்ளை! அஞ்சு வருஷம் நாயா உழைச்சா. அழிச்சுட்டேன்னு சொல்றான், எதோ கரும்பலகையை அழிச்ச மாதிரி." சொல்லிக்கொண்டே அவளுடைய கேடயங்களைத் துடைத்தார். மொத்தம் ஏழு. தினமும் துடைப்பார்.

அப்போதெல்லாம் எனக்குச் சொல்ல எதுவும் வராது. வேலைக்குப் போவேன், வருவேன். குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் வேலை. குழாய்த் தண்ணீர் வரும், சோதிப்பேன், எண்ணைக் குறிப்பேன். மரத்துப்போன காலோடு நடப்பவனைப்போல் நடந்துகொண்டிருந்தேன்.

ஆனால் அவள் குரல் இன்னொரு இடத்தில் இருந்தது. அங்கே எதையும் அழிக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

தேவாலயத்தின் பின்பக்கம் ஓர் அறை. முன்பு நாற்காலிகள் அடுக்கும் அறையாக இருந்தது. சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்து, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு போட்டு, ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தார்கள். பதிவு நடக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். பார்வை இல்லாதவர்களுக்காகவும் படிக்கத் தெரியாதவர்களுக்காகவும் வேதத்தை முழுவதுமாக வாசித்துப் பதிவு செய்கிற வேலை. சம்பளம் கிடையாது. வாசிப்பவரின் பெயரையும் எங்கும் போட மாட்டார்கள். இரண்டு வருடம் சனிக்கிழமை மதியங்களில் அவள் அங்கே ஒரு தீர்க்கதரிசியின் புத்தகத்தை வாசித்தாள். அறுபத்தாறு அதிகாரம். கடைசி அதிகாரத்தை முடித்த ஐந்தாவது வாரம் போய்விட்டாள்.

அங்கே ஒரு முறை உண்டு. வாசிப்பவர் கண்ணாடிக்கு உள்ளே இருப்பார். வெளியே இன்னொருவர் அதே பக்கத்தைத் திறந்து வைத்து, கேட்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் விரலை நகர்த்த வேண்டும். இவருக்கு அங்கே 'விரல்' என்றே பெயர். வாசிப்பவருக்கே தவறு தெரிந்தால் ஒருமுறை கைதட்டிவிட்டு, வசனத்தை முதலிலிருந்து வாசிப்பார். கைதட்டல் கணினித் திரையில் ஊசி மாதிரி நிற்கும். பிறகு வெட்டுபவருக்கு அதுதான் அடையாளம். வாசிப்பவர் கவனிக்காமல் போனால் விரல் கண்ணாடியைத் தட்ட வேண்டும்.

அவளுக்கு விரல் நான்தான்.

எல்லாம் முடிந்த பிறகு கடைசிச் சோதனை செய்பவர் பெயர் 'காது'. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நாற்பது வயதிருக்கும். ஒரு வங்கியில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை. புள்ளி எழுத்துப் புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே பதிவைக் கேட்பார். என் மனைவி அவரை அண்ணா என்பாள். அதனால் நான் அவருக்கு மாப்பிள்ளை, அவர் எனக்கு மச்சான். அவள் போன பிறகும் அவர் அதை மாற்றவில்லை. அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"மாப்ள, நிக்கிறியா, உக்காந்திருக்கியா?"

"நிக்கிறேன்."

"உக்காரு."

"கையில கண்ணாடிக் குழாய் இருக்கு மச்சான். சொல்லுங்க."

"நாப்பதாவது அதிகாரத்துல ஒரு ஓட்டை."

அவர் விளக்கியது இதுதான். அந்த அதிகாரத்தில் தீர்க்கதரிசி புல் காய்வதையும் பூ உதிர்வதையும் அடுத்தடுத்து இரண்டு முறை சொல்கிறார். இரண்டுக்கும் நடுவில், மனிதர்கள்தான் அந்தப் புல் என்கிறார். இரண்டாவது முறை சொன்ன கையோடு, கடவுளின் வார்த்தை மட்டும் என்றைக்கும் நிற்கும் என்று முடிக்கிறார். என் மனைவி முதல் பூ உதிர்ந்ததும் நேராகக் கடைசிக்குப் போய்விட்டாள். முதல் பூவிலிருந்து அவள் கண் இரண்டாவது பூவுக்குத் தாவியிருக்கிறது. நடுவில் ஆறு சொற்கள் இல்லை. கேட்டால் தெரியாது. வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகிறது.

"எனக்கும் முதல்ல தெரியலை. விரலுக்கு அடியில புள்ளி மிச்சம் இருக்கு, குரல் முன்னால போயிடுச்சு. மூணு தடவை திரும்பக் கேட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு விரல் யாருன்னு கேக்க மாட்டேன்."

கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அறுபத்தாறு அதிகாரத்துக்கும் நான்தான்.

கூடத்தின் பொறுப்பாளரை எல்லோரும் அக்கா என்போம். ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர். ஐம்பது வயது. கூடத்தின் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். மறுநாள் போய்ப் பார்த்தேன். மாமாவும் கூட வந்தார்.

"ஒரு புத்தகம், ஒரு குரல்" என்றார் அக்கா. "கேக்கிறவங்க குரலை வெச்சுத்தான் வழி கண்டுபிடிக்கறாங்க. நடுவுல குரல் மாறுச்சுன்னா வேற எங்கயோ வந்துட்டோம்னு நினைப்பாங்க. சொல்லு விடுபட்டா விடவும் முடியாது. வாசிச்சவங்களே திரும்ப வாசிக்கணும். இல்லைன்னா..."

"இல்லைன்னா?" என்றார் மாமா.

"புத்தகம் முழுக்க வேற ஒருத்தர் புதுசா வாசிக்கணும்."

"அப்ப என் பொண்ணு வாசிச்சது?"

அக்கா மேசையைப் பார்த்தார்.

"ஆறு வார்த்தைக்கு அறுபத்தாறு அதிகாரமா? அந்தச் சேனல்காரன் தேவலாம்மா. அவன் தொண்ணூறு நாளாவது வெச்சிருந்தான்!" மாமா மேசையைத் தட்டினார். "எவ்வளவு பெரிய ஆள் வந்து உங்களுக்குச் சும்மா வாசிச்சா தெரியுமா? முதல்லயே அவ பேரைச் சொல்லி ஆரம்பிச்சிருக்கணும். பேரு போட்டிருந்தா இப்படி அழிக்கத் தோணுமா?"

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பெயர் வேண்டாம், குரல் இருந்தால் போதும். எல்லா இடத்திலிருந்தும் அவளை எடுத்துவிட்டார்கள். இங்கே எடுக்கப்போவது என் தவறால்.

அக்கா ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்.

காதுவுக்கு ஒரு யோசனை வந்தது. அவள் வேறு அதிகாரங்களில் 'புல்' என்று சொல்லியிருப்பாள், 'பூ' என்று சொல்லியிருப்பாள். ஆறு சொல்லையும் தேடியெடுத்து ஒட்டிவிடலாம். குரல் அவளுடையதுதானே. தேடுவதற்கு வெட்டாத மூலப்பதிவுகளைக் கேட்க வேண்டும். அவற்றில் கைதட்டல், இருமல், பேச்சு எல்லாம் இருக்கும்.

அவள் இறந்ததிலிருந்து நான் அவள் குரலைக் கேட்டதில்லை. முடியவில்லை. இப்போது வேறு வழியில்லை. வேலை முடிந்து நேராகக் கூடத்துக்குப் போய், காதில் ஒலிவாங்கியை... பாருங்கள், இன்றைக்கும் எழுதக் கை தடுமாறுகிறது. காதொலியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் அதிகாரம், நான்காவது நிமிடம். ஒரு கைதட்டல். பிறகு அவள்: "ஏய். தூங்கறியா? விரல் எங்க இருக்கு?" என் குரல்: "இருக்கு, இருக்கு." அவள்: "எந்தப் பக்கம்?" என் குரல்: "...நீ எந்தப் பக்கம்?" பிறகு இருவரும் சிரிக்கிறோம். அது ஓயவே இருபது வினாடி ஆகிறது.

அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஏனென்று தெரியவில்லை.

ஆறு நாள் கேட்டேன். விக்கலோடு அவள் ஒரு ராஜ்யத்தின் அழிவை அறிவித்தாள். தண்ணீர் கேட்டாள். மன்னர்களின் பெயர்களில் நாக்கு சிக்கி, "இவங்க அப்பா அம்மாவுக்கு வேற பேரே கிடைக்கலையா?" என்றாள். ஓர் இடத்தில் ஒரே வசனத்தை எட்டு முறை கைதட்டித் திரும்ப வாசித்தாள். எட்டாவது முறை நான் குறுக்கிட்டிருக்கிறேன்.

"நல்லாத்தானே இருந்துச்சு. விடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"செய்தின்னா விட்டுடுவேன்பா. நாளைக்கு வேற செய்தி வந்துடும். இதுக்கு வேற வராது."

ஒன்பதாவது முறை சரியாக வந்தது.

நாற்பதாவது அதிகாரத்தையும் கேட்டேன். அந்த இடத்தில் கைதட்டல் இல்லை. கண்ணாடி தட்டும் சத்தமும் இல்லை. அதிகாரம் முடிந்ததும் அவள் கேட்கிறாள்: "சரியா?" நான் சொல்கிறேன்: "சரி." அந்தச் சனிக்கிழமை எனக்கு நினைவிருக்கிறது. மின்விசிறி இல்லாத புழுக்கத்தில் அவள் கழுத்தெல்லாம் வியர்வை. நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு சொல்லும் கிடைத்தன. காது சொல்லச்சொல்ல ஒட்டினேன். போட்டுக் கேட்டோம்.

காது இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு, "மாப்ள, மூணாவது நடைமேடையில வண்டி வருதுன்னு தங்கச்சி சொல்ற மாதிரி இருக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அழித்துவிட்டோம். சொற்கள் ஆறும் அவளுடையவை. அந்த வாக்கியத்தை அவள் சொல்லவில்லை. அவள் இருந்திருந்தால் முதல் ஆளாகக் கைதட்டியிருப்பாள்.

அவகாசம் முடிந்த அன்று மாலை நானும் மாமாவும் காதுவும் அக்காவின் எதிரே உட்கார்ந்தோம். மாமா ஒரு விண்ணப்பம் எழுதி எடுத்து வந்திருந்தார், இரண்டு பக்கம். அதில் ஏழு கேடயங்களின் விவரமும் இருந்தது. அவர் அதைப் பிரிப்பதற்குள் நான் பேசிவிட்டேன்.

"அக்கா, புதுசாவே வாசிச்சிடுங்க."

"உங்களுக்கு என்ன பைத்தியமா மாப்பிள்ளை?" என்றார் மாமா.

"ஒரு எழுத்து சரியா வரலைன்னு எட்டுத் தடவை கைதட்டியிருக்கா மாமா. ஆறு சொல்லு இல்லாம விட்டு வெச்சா அவ ஒத்துக்க மாட்டா. அது நிக்கணும்னுதான் வாசிச்சா. அவ குரல் நிக்கணும்னு இல்லை." மூச்சு வாங்கியது. பல மாதங்களில் நான் தொடர்ந்து பேசியது அவ்வளவுதான். "நான் ஒரு வாரம் கேட்டுட்டேன். எனக்குப் போதும். அந்த ஒரு வாரத்துக்கு உங்களுக்கு நன்றி."

அதைச் சொல்லும்போது பொய் சொல்லவில்லை. போதும் என்றுதான் இருந்தது.

மாமா காகிதத்தை மடித்தார்.

அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புகைப்பட நகலை எடுத்து வைத்தார். "எனக்கும் ஒரு வாரமா தூக்கமில்லை. எங்க அண்ணன் இறையியல் கல்லூரியில எபிரேயம் சொல்லிக்கொடுக்கறார். இந்த மாதிரி விடுபட்டா முன்னெல்லாம் என்ன செய்வாங்கன்னு கேட்டேன். இன்னிக்குக் காலையில இதை அனுப்பினார்."

பழுப்பு நிறத் தோல். நெருக்கமான கறுப்பு எழுத்து வரிகள். எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.

"ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தின சுருள். பாலைவனத்துல ஒரு குகையில கிடைச்சது. இதே புத்தகம். இதே அதிகாரம். இங்க பாரு."

அவர் விரல் வைத்த இடத்தில் இரண்டு வரிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. வேறு கையெழுத்து. இடம் பத்தாமல் பக்கத்தின் ஓரத்தில் திரும்பிக் கீழே இறங்கியிருந்தது.

"இதே புல்லு, இதே பூ" என்றார் அக்கா. "எழுதினவருக்கும் கண்ணு தாவியிருக்கு. அப்புறமா வேற ஒருத்தர் பார்த்து, விட்டதை நடுவுல எழுதிச் சேர்த்திருக்கார்."

"என்ன இருக்கு, என்ன இருக்கு?" என்று காது என் தோளை உலுக்கினார். சொன்னேன். "அட! நம்ம தங்கச்சிக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலயே ஒரு கூட்டாளி!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

மாமா நகலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இவர் பேரு என்ன?"

"தெரியாது."

"நடுவுல எழுதினவர்?"

"அவர் பேரும் தெரியாதுங்க."

"பேரே தெரியாமலா ரெண்டாயிரம் வருஷம் நிக்குது?" என்றார் மாமா. கோபமாகக் கேட்க ஆரம்பித்து, கேள்வி முடிவதற்குள் கோபம் போய்விட்டது. நகலைக் கீழே வைக்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். "சுருளைக் கிழிச்சுப் போடலை அவங்க. புதுசா எழுதவும் இல்லை. சேர்த்ததை ஒளிக்கவும் இல்லை. அவங்களை விட என் சட்டம் பெருசில்லை. நடுவுல இருக்கிற ஆறு சொல்லை நீ வாசி. விட்டது விரல்தானே."

முதல்முறையாகக் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்தேன். மின்விசிறி நின்றது. வெளியே காது மடியில் புத்தகத்தோடு. அவர் பக்கத்தில் மாமா. அவள் குரல் முதல் பூ உதிர்வதுவரை காதில் வந்து நிற்கும்; நான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மனிதர்கள்தான் அந்தப் புல். புல் காய்ந்துபோகும், பூ உதிர்ந்துபோகும். இவ்வளவுதான் பொருள். வேதத்தில் இருக்கிறபடி சரியாக ஆறு சொல்.

"மாப்ள, தண்ணி ரிப்போர்ட்டா வாசிக்கிற?" என்றார் காது. கைதட்டினேன்.

"இப்ப அழுகுற. புல்லு அழாது." கைதட்டினேன்.

"நல்லா இருந்துச்சு, ஆனா ஒரு புல்லைத் தின்னுட்ட." மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்னவென்று கண்ணாடிக்குள்ளிருந்து தெரியவில்லை. கைதட்டினேன்.

பதினான்கு முறை. உள்ளங்கை இரண்டும் சிவந்து எரிந்தன. எவ்வளவோ நாளைக்குப் பிறகு உடம்பில் ஓரிடம் வலிப்பது தெளிவாகத் தெரிந்தது. அது நன்றாகவே இருந்தது. அவளைப்போல் வாசிக்க முயன்றதைப் பதினைந்தாவது முறை விட்டுவிட்டேன். இருப்பதை இருக்கிறபடி சொன்னேன். அவளும் புல்தான், நானும் புல்தான். அதை மறைக்க ஒன்றுமில்லை. என் ஆறு சொல் முடிந்ததும் காதில் அவள் குரல் திரும்ப எழுந்து, எது நிற்கும் என்பதைச் சொன்னது. நிதானமாக, கொஞ்சம்கூட நடுங்காமல்.

காது புள்ளிகளைத் தடவி முடித்தார். "மிச்சம் எதுவும் இல்லை மாப்ள" என்றார்.

ஒட்டு நன்றாகவே கேட்கும். அதை மழுப்ப வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். பதிவு இப்போது கையடக்க ஒலிப்பெட்டிகளில் எங்கெங்கோ போகிறது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. யார் வாசித்தது என்று அவர்களுக்கும் தெரியாது.

மாமாவுக்கும் ஒரு பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். நாற்பதாவது அதிகாரத்தை வைத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். அந்த இடம் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"நடுவுல உங்க குரல் நல்லாவே இல்லை மாப்பிள்ளை."

"ஆமா மாமா."

"அவ வந்து காப்பாத்திட்டா."

"அவளையும் சேர்த்து அந்த வசனம் காப்பாத்திடுச்சு மாமா."

அவர் யோசித்தார். பிறகு நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "முதல்லேருந்து போடுங்க" என்றார்.